கந்தப்பளையிலிருந்து பேலியகொடை வரை: டீசல் இறங்கினால் கூலியையும் இறக்கும் ஒரு லொறிச் சேவை

நுவரெலியா மாவட்டத்துக் கந்தப்பளை, இராகலைப் பக்கத்து மரக்கறியை இரவோடிரவாகக் கொழும்பையொட்டிய பேலியகொடை மெனிங் மொத்தச் சந்தையில் இறக்கிவிட்டு, மறுநாள் புறக்கோட்டையில் அரிசி, பருப்பு, சீனி, கோதுமை மா ஏற்றிக்கொண்டு மலையேறும் லொறிச் சேவைகள் எங்கள் பகுதியில் பல உள்ளன. அவற்றுள் மூன்று லொறிகளை வைத்து ஒரு குடும்பம் நடத்திவரும் சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். ஆயினும் கூலிப் பலகை மாட்டியிருக்கும் லொறிக் கொட்டகை எது என்று கந்தப்பளையில் விசாரித்தால் யாரும் வழி காட்டுவார்கள். எனக்குச் சில்லறைக் கடை உண்டு. வீட்டாருக்கு லீக்ஸும் கரட்டும் போடும் காணி உண்டு. இறங்கும் சுமைக்கும் ஏறும் சுமைக்கும் கூலி கொடுப்பவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டைச் செய்கிறேன்.

இந்தச் சேவையை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்தக் கூலிப் பலகைதான். கொட்டகையின் வாசல் தூணில், தகரத்தில் வெள்ளைப் பூச்சுப் பூசி, கறுப்பு எழுத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்கிறார்கள். 2021 டிசம்பரில் வாங்கிய கூலியை 100 என்று வைத்துக்கொண்டு, அதில் 40 டீசலுக்கு, 25 டயர், உதிரிப்பாகம், எஞ்சின் ஒயிலுக்கு, 35 சாரதி, உதவியாளர் சம்பளத்துக்கும் லீசிங் தவணைக்கும் உரிமையாளரின் வருமானத்துக்கும் என்று மூன்று வரிகளாகப் பிரித்திருக்கிறார்கள். மாத இறுதியில் அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் புதிய விலையை அறிவித்ததும், முதல் வரி மட்டும் அழிக்கப்பட்டுப் புதிய எண் எழுதப்படுகிறது. விலை ஏறினாலும் இறங்கினாலும் இதுதான் நடக்கிறது. கிலோவுக்கு எவ்வளவு என்பது பலகையின் அடியில் இருக்கும். பில்லிலும் அதே மூன்று வரிகள் வரும். கூலி ஏன் ஏறியது என்று கேட்டால் "டொலர் ஏறிவிட்டது" என்ற ஒற்றைப் பதிலைக் கேட்டுப் பழகிய எங்களுக்கு, டொலர் ஏறியதால் ஏறிய பங்கு எது, ஏறாத பங்கு எது என்று எழுத்தில் காட்டும் ஒருவர் கிடைத்திருப்பது சாதாரண விடயமல்ல.

அந்த எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2021 டிசம்பர் இறுதியில் ஒட்டோ டீசல் லீற்றர் 121 ரூபாய். 2022 மார்ச்சில் அது 176 ஆனது, ஏப்ரலில் 289, மே 24இல் 400, ஜூன் 26இல் 460. ஆறே மாதத்தில் ஏறத்தாழ 3.8 மடங்கு. கூலியில் 40 ஆக இருந்த டீசல் பங்கு இதனால் 152 ஆகிறது. மற்ற 60 ஒரு சதம்கூட மாறாது என்று வைத்துக்கொண்டாலும் 100 ரூபாய்க் கூலி 212 ரூபாயாகிவிடுகிறது. இதே காலத்தில் டொலரின் உத்தியோகபூர்வ விலை 203 ரூபாயிலிருந்து 360 ரூபாயளவுக்குப் போனது. அதாவது முக்கால் மடங்குக்குச் சற்று அதிகமான ஏற்றம். ரூபாயின் வீழ்ச்சி மட்டுமே காரணமாக இருந்திருந்தால் டீசல் 215 ரூபாயளவில் நின்றிருக்கும். 215இலிருந்து 460 வரையுள்ள எஞ்சிய ஏற்றம், உக்ரேன் போருக்குப் பின் உலகச் சந்தையில் ஏறிய எண்ணெய் விலையிலிருந்தும், அதுவரை அடக்கவிலைக்குக் கீழே விற்றுக் கூட்டுத்தாபனம் சுமந்துவந்த நட்டத்தை ஒரேயடியாக மக்கள் தலையில் இறக்கியதிலிருந்தும் வந்தது. மூன்றும் ஒன்றாக விழுந்ததால் எது எதனால் வந்தது என்று பிரித்தறிய அப்போது எவருக்கும் நிதானம் இருக்கவில்லை.

நாணயக் கொள்கையின் பங்கு அந்தத் திடீர் வீழ்ச்சியோடு தொடங்கவில்லை. 2021 செப்டெம்பரிலிருந்து 2022 மார்ச் 7 வரை இலங்கை மத்திய வங்கி டொலரை 200 முதல் 203 ரூபாய் வரையான எல்லைக்குள் பிடித்து வைத்திருந்தது. காகிதத்தில் ரூபாய் உறுதியாக இருந்தது. ஆனால் அந்த விலைக்கு வங்கியில் டொலர் கிடைக்கவில்லை. 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த நாட்டின் கையிருப்பு 2022 மார்ச் முடிவில் 1.9 பில்லியனாகச் சுருங்கியிருந்தது. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவோர் வங்கியைத் தவிர்த்துப் பணத்தைக் கைமாற்றும், கூடுதல் விலை கிடைக்கும் உண்டியல் வழியை நாடினார்கள். அதனால் வங்கிக்கு வரும் டொலர் மேலும் குறைந்தது. துறைமுகத்தில் கொள்கலன்கள் தேங்கி நின்றன. புறக்கோட்டை மொத்த வியாபாரிகள், வங்கியில் 203 என்று எழுதியிருந்தாலும், அடுத்த கொள்கலனுக்கு எந்த விலையில் டொலர் தேட வேண்டியிருக்கும் என்று பார்த்தே மைசூர்ப் பருப்புக்கும் சீனிக்கும் விலை வைத்தார்கள். ஆகவே நிலையாகப் பிடித்துவைத்த நாணயமாற்று வீதம் எங்கள் கடைக்கு வந்த பருப்பை மலிவாக்கவில்லை. பற்றாக்குறையைத்தான் கொண்டுவந்தது. அணையை மெல்லத் திறந்துவிடாமல் நிரம்பும்வரை மூடிவைத்து, பிறகு எல்லாக் கதவையும் ஒரே நேரத்தில் திறந்தது போன்றதுதான் மார்ச் 7க்குப் பின் நடந்தது. படிப்படியாக இறங்கவிட்டிருந்தால் வலி இருந்திருக்கும். ஆனால் ஆறு மாதத்தில் கூலி இரட்டிப்பாகும் வலியாக அது இருந்திருக்காது என்பதே என் உறுதியான கருத்து.

2022 ஜூலையில் கொண்டுவந்த எரிபொருள் அட்டை முறையில் லொறி ஒன்றுக்கு வாரத்துக்கு 50 லீற்றர் என்று நிர்ணயித்தார்கள். எங்கள் ஊரிலிருந்து கொழும்பு போய்த் திரும்பும் நடுத்தர லொறிக்கு அது ஒரு சுற்றுக்கே போதாது. சுமையோடு இறம்பொடை வளைவுகளில் இறங்குவதும் கடுகண்ணாவை ஏறுவதும் சமவெளிக் கணக்கில் அடங்கும் ஓட்டமல்ல. பல லொறிகள் கறுப்புச் சந்தையில் டீசல் வாங்கி ஓடின. அந்த விலையும் கூலியில் ஏறியது. இந்தச் சேவை அப்போது வாரத்துக்கு ஒரே பயணமாகக் குறைத்துக்கொண்டு, பலகையில் எழுதிய விலைக்கே ஏற்றியது. இடம் கிடைக்காமல் எங்கள் லீக்ஸ் வரப்பிலேயே முற்றிப்போனதும் உண்டு. அந்தக் கோபம் அப்போது எனக்கு இருந்தது. இப்போது அந்த முடிவை மதிக்கிறேன்.

மலைநாட்டில் லொறிக்கூலி ஏறும்போது அது இரண்டு முனையிலும் வெட்டுகிறது என்பதைத் தாழ்நிலத்தில் இருப்பவர்கள் எளிதில் உணரமாட்டார்கள். பேலியகொடையில் லீக்ஸின் விலையை அன்றைய வரவும் தேவையும் தீர்மானிக்கின்றன. கந்தப்பளைக்காரரின் செலவைப் பார்த்து அங்கே எவரும் விலை வைப்பதில்லை. அந்த விலையிலிருந்து தரகும் கூலியும் கழிந்த மிச்சமே தோட்டக்காரருக்கு வருகிறது. உதாரணத்துக்கு, கிலோவுக்கு 10 ரூபாயாக இருந்த கூலி 21 ஆனால், அந்த 11 ரூபாயைப் பயிரிட்டவரே இழக்கிறார். லீக்ஸ் 300 ரூபாய்க்குப் போகும் வாரத்தில் அது பெரிதாகத் தெரியாது. வரவு மிஞ்சி 60 ரூபாய்க்கு இறங்கும் வாரத்தில், பிடுங்கிக் கழுவிக் கட்டியனுப்புவதா, மண்ணோடு உழுதுவிடுவதா என்பதை அந்த 11 ரூபாய்தான் தீர்மானிக்கிறது. அதே லொறி திரும்பி வரும்போது, டொலரில் வாங்கிய பருப்பை டொலரில் வாங்கிய டீசலில் ஏற்றிவருகிறது. அங்கே கூலியைச் சுமப்பவர் என் கடையில் கால்கிலோ பருப்பு வாங்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அந்த எண் கொழும்பு நகரத்துக்குக் கணிக்கப்பட்டது. அதே பருப்பு அதன்பிறகு ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரத்துக்கு ஏறி வர வேண்டியிருந்தது.

எதிர்ப்பக்கத்தில் வருமானம் எப்படி இருந்தது? தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாயாக்கப்பட்டது. அடுத்த உயர்வான 1,350 ரூபாய் 2024 செப்டெம்பரில்தான் வந்தது. ரூபாய் விழுந்த காலம், டீசல் 460ஐத் தொட்ட காலம், உணவு விலை ஓராண்டில் இரட்டிப்பை நெருங்கிய காலம் எல்லாம் அந்த 1,000 ரூபாய்க்குள்ளேயே கழிந்தன. 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதமாக இறங்கிவிட்டது என்ற செய்தியை வானொலியில் கேட்டு, அப்படியானால் பருப்பு விலை ஏன் இறங்கவில்லை என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நிற்கிறது, மேலும் ஏறும் வேகம்தான் குறைந்திருக்கிறது என்று சொல்லி விளங்கவைப்பது கடினமல்ல. அதைக் கேட்ட பிறகு அவர்கள் கடன் கொப்பியைப் பார்ப்பதை எதிர்கொள்வதுதான் கடினம்.

ஆயினும் சில விலைகள் உண்மையிலேயே இறங்கின என்பதால்தான் இந்தச் சேவையைப் பற்றி எழுதவேண்டியிருக்கிறது. சர்வதேச நாணய நிதியத்தின் கடன்திட்டம் 2023 மார்ச்சில் அங்கீகரிக்கப்பட்ட பின்னர் ரூபாய் நிதானமாக வலுப்பெற்றது. 2024 முடிவில் டொலர் 300 ரூபாய்க்குக் கீழே வந்திருந்தது. உலகச் சந்தையிலும் எண்ணெய் விலை தணிந்தது. ஒட்டோ டீசலும் 300 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. 300 என்றே வைத்தாலும் பலகைக் கணக்கின்படி டீசல் பங்கு 152இலிருந்து 99 ஆகிறது. மற்ற வரிகளை விட்டுவிட்டால் 212 ஆக இருந்த கூலி 159க்கு வரவேண்டும். இந்தச் சேவை அந்த இறக்கத்தை மாதாமாதம் எழுதிக் கொடுத்தது. எங்கள் பகுதியில் ஓடும் வேறு லொறிகள் சிலவற்றில், 2022இல் ஏற்றிய கூலியில் சிறு பகுதியே இறக்கப்பட்டது. கேட்டால் "அடுத்த மாதம் ஏறிவிடும்" என்பதே பதில்.

அந்தப் பதிலை வெறும் பேராசை என்று தள்ளிவிடவும் என்னால் முடியவில்லை. ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டவர் ரூபாயின் உறுதியை உடனே நம்பமாட்டார். அதோடு, அன்னியச் செலாவணியைச் சேமிக்க 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; 2025 தொடக்கத்தில்தான் அது மீண்டும் பரவலாகத் திறந்தது, அதுவும் பாரமான வரிகளோடு. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் இருந்த லொறிகளே பழசாகிக்கொண்டு ஓடின. புதிய லொறி வராத சந்தையில் கூலியைக் குறைக்கும்படி நெருக்கும் போட்டி எங்கிருந்து வரும்? டொலரைக் காக்க எடுத்த ஒரு முடிவு, டொலர் தட்டுப்பாடு தணிந்த பின்னரும் கூலியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. வட்டியும் அப்படித்தான். 2022 ஏப்ரல் 8இல் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தி, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வீதத்தை 7.5இலிருந்து 14.5க்குக் கொண்டுபோனது. ரூபாயைக் காப்பாற்றவும் பணவீக்கத்தை அடக்கவும் அது தேவைப்பட்டது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காலத்தில் லீசிங்கில் லொறி எடுத்தவரின் தவணை, டீசல் இறங்கிய பிறகும் இறங்கவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. நைஜீரியாவில் 2023 நடுப்பகுதியில் பெற்றோல் மானியத்தை நீக்கியதும் அந்நாட்டு நாணயமான நைராவின் மீதிருந்த பிடியைத் தளர்த்தியதும் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து நடந்தன. டொலருக்கு 460 அளவில் இருந்த நைரா 2024இன் தொடக்கத்தில் 1,500ஐ நெருங்கியது. அந்நாட்டின் வடக்கிலிருந்து லாகோஸ் நகரத்துக்குத் தக்காளி ஏற்றும் லொறிகளின் தூரம் எங்கள் ஓட்டத்தைவிடப் பல மடங்கு. 2024 டிசம்பரில் அங்கே பணவீக்கம் 34.8 சதவீதமாக இருந்தது. எகிப்து 2024 மார்ச்சில் பவுண்டை மிதக்கவிட்டபோது ஒரே நாளில் டொலர் 31 அளவிலிருந்து 50 அளவுக்கு ஏறியது. எண்ணெயை இறக்குமதி செய்து, உணவை நெடுந்தூரம் லொறியில் ஏற்றும் நாடுகளில் நாணயம் விழுந்தால் முதலில் அசைவது கூலிதான். எண்ணெய் எடுக்கும் நைஜீரியாகூடத் தன் பெற்றோலில் பெரும்பகுதியை நெடுங்காலம் இறக்குமதி செய்தே ஓடியது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இனி இந்தச் சேவையின் குறைகள். பலகையின் இரண்டாவது வரி, அதாவது டயருக்கும் உதிரிப்பாகத்துக்குமான பங்கு, 2022 இறுதியில் 25இலிருந்து 60 ஆக்கப்பட்டது. டயர், பெயரிங், கிளச் தட்டு, பற்றரி எல்லாம் இறக்குமதிப் பொருட்கள் அல்லது இறக்குமதி மூலப்பொருளில் செய்பவை. அப்போது கிடைப்பதே அரிதாக இருந்தது. ஏற்றியது நியாயம். ஆனால் ரூபாய் 360இலிருந்து 300க்கு வந்த பிறகும் அந்த 60 அப்படியே நிற்கிறது. டீசலுக்கு மாதாந்த அறிவிப்பு இருப்பதால் பொதுவான அளவுகோல் உண்டு. டயருக்கு அப்படி ஒன்று இல்லை என்பது உரிமையாளரின் விளக்கம். அதை ஓரளவுக்குத்தான் ஏற்க முடிகிறது. ரீபில்ட் டயருக்கும் (பழையதை மீளப் புதுப்பித்தது) புது டயருக்கும் அவர் கடைசியாகக் கொடுத்த விலைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே பலகையில் எழுதினால், இரண்டாவது வரியையும் முதல் வரிபோல ஏற்றி இறக்கலாம். இதை அவரிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன். யோசிப்பதாகச் சொன்னார், இன்னும் நடக்கவில்லை.

மூன்றாவது வரி 35இலிருந்து 65க்கு வந்திருக்கிறது. அதில் எனக்கு முறைப்பாடில்லை. இரவு முழுவதும் பனிமூட்டத்தில் ஓட்டிவரும் சாரதிக்கும், மூட்டையைத் தோளில் சுமக்கும் உதவியாளருக்கும் விலைவாசி ஏறிய அளவுக்காவது சம்பளம் ஏறவேண்டும். ஏறியிருக்கிறது என்று அவர்களே சொல்கிறார்கள்.

சுமை கையாளும் விதத்தில் கவனம் கூட வேண்டும். கரட் மூட்டைகளை லீக்ஸ் கட்டுகளுக்கு மேல் அடுக்குவதை அவர்கள் முற்றாக நிறுத்தவில்லை. பேலியகொடையில் பிரித்துப் பார்க்கும்போது அடித்தட்டு இலைகள் கசங்கி, தண்டு பிளந்து, நீர் விட்டிருக்கும். அந்தக் கட்டுகளைத் தரகுக்கடையில் தனியாக ஒதுக்கி, பாதி விலைக்குத்தான் எடுப்பார்கள். பிளாஸ்டிக் கூடையில் அனுப்பினால் இந்தச் சேதம் பெருமளவு தவிர்க்கப்படுகிறது. கூடைக்குத் தனி வாடகை உண்டென்றாலும் திரும்பும் பயணத்தில் கூடையைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். சேதத்துக்கு இழப்பீடு என்று எழுத்தில் எதுவும் இல்லை. கேட்டால் பேசித் தீர்க்கிறார்கள். ஆனால் கேட்கத் தெரியாதவர், கேட்கத் தயங்குபவர் நட்டப்படுகிறார். சிறு காணி வைத்திருப்பவருக்கு ஒரு சுமையின் சேதமே ஒரு மாதப் பருப்புக் கணக்கு என்பதை அவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

நேரம் தவறாமை பற்றிக் குறையில்லை. மழைக்காலத்தில் இறம்பொடைப் பாதையில் மண் சரிந்தால் தலவாக்கலை, ஹட்டன், கினிகத்தேனை வழியாகச் சுற்றிப் போகிறார்கள்; சுற்றியதற்கு மேலதிக டீசலைக் கணக்கிட்டு அந்தப் பயணத்தின் பில்லில் மட்டும் சேர்க்கிறார்கள். அடுத்த பயணத்தில் அந்தத் தொகை இருக்காது. சிறு சுமைகளைச் சேர்த்து ஏற்றுவதால் மூன்று நான்கு மூட்டை அனுப்புபவரும் முழு லொறிக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. ஏறும் சுமையில் சீனி, மா மூட்டைகளுக்குத் தார்ப்பாய் இரண்டு மடிப்பாகப் போடுவதால் ஈரம் பட்டதில்லை. போகும்போதும் வரும்போதும் சுமை இருப்பதால் வெறும் லொறி ஓடும் செலவு எவர் தலையிலும் விழுவதில்லை. கூலி கட்டுப்படியாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

கிலோக் கூலியை மட்டும் பார்த்தால் இதைவிடச் சில ரூபாய் மலிவாக ஏற்றுபவர்களும் உண்டு. ஆனால் டீசல் ஏறிய அன்றே அவர்கள் கூலி ஏறிவிடும், இறங்கிய மாதத்தில் இறங்காது; ஓராண்டைச் சேர்த்துப் பார்த்தால் பலகைக் கூலியே எனக்கு இலாபமாக இருந்தது. தொடர்ந்து மரக்கறி அனுப்புபவர்களுக்கும் புறக்கோட்டையில் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இடத்தை முதல்நாள் மதியத்துக்குள் பதிவு செய்துவிட வேண்டும். லீக்ஸ், போஞ்சி அனுப்புபவர்கள் கூடையிலேயே அனுப்ப வேண்டும். பில் கையில் கிடைத்ததும் முதல் வரியைப் பலகையோடும், இரண்டாவது வரியை உங்கள் ஊர் டயர்க் கடையின் விலையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது வரியைப் பற்றிக் கேட்பவர்கள் என்னைத் தவிர இன்னும் சிலர் சேர்ந்தால், அந்த 60 இறங்குவதற்கு வாய்ப்புண்டு.